உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி

செத்துப்போன ஒருத்தன் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? யசோதினிக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் அவன் செத்தவன் என்று அந்த நேரம் அவளுக்குத் தெரியாது... அதனால் முதலில் வந்தது கோபம்தான்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு மழை. பண்டாரவளை பஸ் புறப்படும் நேரத்தில் ஓடி வந்து தொற்றிக்கொண்டான் அவன். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். எத்தனையோ சீட் காலியாக இருக்க, நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைக் கையிலிருந்து சொட்டிய தண்ணீர், அவள் மடியில் வைத்திருந்த புத்தகங்களின் மேல் விழுந்தது.

"தண்ணி படுதுங்க... கண்ணு தெரியலையா?"

"தெரியுது... அதான் இங்க வந்து உக்காந்தேன்."

என்ன கொழுப்பு பாருங்கள். முறைக்கலாம் என்று திரும்பினாள். முறைக்க முடியவில்லை. மழையில் கழுவி வைத்த மாதிரி இரண்டு கண்கள்... சிரிப்பு உதட்டுக்கு வருமுன் கண்ணுக்கு வந்துவிடுகிற ஜாதி. எங்கோ பார்த்த கண்ணாக இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பை அப்போதே பிடித்து உலுக்கியிருந்தால் பிறகு அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அன்று அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். பூனாகலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் அவள். போன வருஷம் 'ஏழாம் காம்பரா' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டாள். பதுளையில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு கவிதைத் தொகுதி, ஒரு சிறுகதைத் தொகுதி என்று எடுத்து விருது கொடுப்பார்கள். கடைசிச் சுற்றில் அவள் புத்தகமும் இருக்கிறது என்று வட்டத்தின் செயலாளர் றிஸ்னி அன்று காலைதான் சொல்லியிருந்தார். அந்த விருதில் ஒரு வழக்கமும் உண்டு. முதல் பரிசு வாங்குகிறவர், நடுவர்கள் கேட்கிற பகுதியை மேடையிலேயே வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் விருது கைக்கு வரும்.

அவன் ஒரு புத்தகத்தை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தான். பின் அட்டைப் படத்தைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்... மறுபடி படத்தைப் பார்த்தான். படத்தில் இருப்பவர் கொஞ்சம் சாந்தமாக இருக்கிறாரே என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெமோதரை தாண்டி எல்ல டவுன் வரும்வரை அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தான். கடைசிக் கவிதைக்கு வந்ததும் பேச்சு நின்றது.

அது ஒப்பாரி. சாவு வீட்டில் பெண்கள் மாரடித்துப் பாடுவதைப் போலவே எழுதியிருந்தாள்.

*மல மேல மழ பெய்ய மண்ணெல்லாம் சேறாக
மண்ணுக்குள்ள நீ தூங்க மனசு வந்துச்சா கிருஷ்ணராசா...*

"யாருங்க இந்தக் கிருஷ்ணராஜ்?" என்று கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

அவள் சொன்னாள். நாவலக்கந்தைத் தோட்டத்து மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், அவர்களுடையது ஏழாம் காம்பரா. ஆறாம் காம்பராவில் ஜெயலெட்சுமி அக்கா குடும்பம். அவர்கள் மகன் கிருஷ்ணராஜுக்கு இவளை விட மூன்று வயசு கூட. மீரியபெத்தை மண்சரிவுக்கு அடுத்த வருஷ மழையில் மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மலை சரிந்தது. அன்றைக்கு இவள் பள்ளிக்கூடம் போனதால் பிழைத்தாள், அப்பா அம்மா வேலைக்குப் போனதால் பிழைத்தார்கள். அடைக்கலம் இருந்த இடத்தில், ஆறாம் காம்பராவில் ஒருத்தர் கூட மிஞ்சவில்லை என்றார்கள். அன்று சாயங்காலமே இவள் குடும்பம் பூனாகலைக்கு மாமா வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு அந்தப் பக்கம் யாருமே போகவில்லை.

அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை மேலே தள்ளினான். புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு.

"தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில வழுக்கி விழுந்து நெத்தி ஒடஞ்சதுன்னு எழுதியிருக்கீங்கள்ல... தள்ளிவிட்டது நீங்கதான். அத எழுதல."

யசோதினியின் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவன் சொல்லிக்கொண்டே போனான்... காய்ச்சலுக்காக அம்மா அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்த நாள் அது. வீட்டில் அப்பா மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்தே வெலிமடையில் மாமாவிடம் போய்விட்டார்கள். இப்போது மரக்கறி லொறி ஓட்டுகிறான். லொறி கராஜில் இருப்பதால் இன்றைக்கு பஸ்.

அவள் காதில் பாதிதான் விழுந்தது. மற்றப் பாதியை ஒரே ஒரு நினைப்பு மூடிவிட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவு தேடி வரும் என்பார்கள். யாராவது ரெக்கோர்டரோடு வந்து பாடச் சொன்னால் கூட, நன்றாகப் பாடுகிற பொம்பிளைகள் லயத்தை விட்டு இறங்கி ஆற்றோரமாகப் போய்த்தான் பாடுவார்கள். இவளோ பேர் சொல்லி, அம்மா பேர் சொல்லி, காம்பரா நம்பர் சொல்லி அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்திருக்கிறாள்.

பண்டாரவளையில் இறங்கும்போது அவன் ஒரு புத்தகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். செத்தவனுக்கு ஒரு பிரதி கூடத் தர மாட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தான். போன் நம்பரையும் வாங்கிக்கொண்டான். அவளால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஹப்புத்தளை இறக்கத்தில் அவன் லொறிக்கு பிரேக் பிடிக்கவில்லை. மண்மேட்டில் முட்டி நிறுத்தினான், கையில் தையல். போனில் அதைக் கதையாகச் சொன்னான் அவன். கேட்டுக்கொண்டிருந்த இவளுக்கு ஒப்பாரிதான் நினைவுக்கு வந்தது. படித்தவள்தான்... பிரேக்குக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத் தானே கேட்டவள்தான். கேட்டு என்ன செய்ய? பயம் பதில் கேட்டுக்கொண்டா வருகிறது?

அதிலிருந்து தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அவனுக்கு ஒரு கோல் எடுப்பாள். எங்கே இருக்கிறீர்கள், மழையா, ரோட்டு எப்படி... அவ்வளவுதான் கேட்பாள். வேலைக்கு ஆள் வந்திருக்கிறதா என்று தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுப்பார்களே, அதைப் போல ஒற்றை ஆளுக்குப் பெரட்டு எடுக்கிற டீச்சரை இப்போதுதான் பார்க்கிறேன் என்பான் அவன். "ஆள் வந்திருக்கேன் டீச்சர்... உயிரோட வந்திருக்கேன்" என்பான். அந்தக் குரலைக் கேட்டால்தான் அவளுக்குக் காலைத் தேயிலைச் சாயத் தண்ணி தொண்டையில் இறங்கும். இது பயம்தான், வேறொன்றுமில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் அரை மணி நேரம் பேசினாள் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.

பிறகு றிஸ்னி பேசினார். முடிவைச் சொல்லக் கூடாதாம். ஆனாலும் ஒப்பாரியை ராகத்தோடு பாடிப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றார். நடுவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

போனை வைத்ததும் யசோதினி அப்படியே சுவரில் சாய்ந்தாள். விருது... லயத்துப் பிள்ளைக்குக் கவிதை எதற்கு என்று கேட்ட அத்தனை வாய்க்கும் பதில். வேண்டும், அவளுக்கு அது வேண்டும். அதை வாங்க அவன் பேரைச் சொல்லி மைக்கில் ஒப்பாரி வைக்க வேண்டும்.

அவள் ஒரு முடிவுக்கு வருமுன் ஜெயலெட்சுமி வந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றார். மகன் வீட்டில் போட்டு வைத்திருந்த புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை.

"நல்லா எழுதியிருக்க புள்ள. பெத்தவ எனக்கே அழுக வந்துச்சு. அதான் பயமா இருக்கு."

யசோதினி தோள் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மண்ணு எம் புருஷன வாங்கிக்கிருச்சு. மிச்சம் இருக்கது இவன் ஒருத்தன்தான். நீ பேரு சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்துறாத."

இரண்டு விஷயம் கேட்டார். அவனோடு இனிப் பேச வேண்டாம். அந்தப் பாட்டை மேடையில் பாட வேண்டாம். முதலாவதுக்கு யசோதினி உடனே தலையாட்டினாள். இரண்டாவதுக்கு... தலை அசையவில்லை. ஜெயலெட்சுமி காத்திருந்து பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறக்கத்தில் போய்விட்டார்.

மறுநாள் காலை அவள் கோல் எடுக்கவில்லை. அவன் எடுத்தான், அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லொறியே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில்.

"என்னைய விடுறதுக்கு உடனே தலையாட்டுனீங்களாமே டீச்சர். பாட்ட விடுறதுக்கு மட்டும் யோசிச்சீங்களாம். அம்மா சொன்னாங்க."

அவளுக்கு முகம் எரிந்தது. உண்மைதானே.

அவன் சட்டென்று தணிந்துவிட்டான். பாடச் சொன்னான். தாராளமாகப் பாடுங்கள், அன்றைக்கு முன் வரிசையில் வந்து குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் என் சாவைப் பாட நான் கை தட்டுகிறேன், அதோடு அம்மாவுக்கும் பயம் விட்டுப்போகும், உங்களுக்கும் விட்டுப்போகும் என்றான். உயிரோடு இருக்கிறவனுக்காக இப்படி யார் அழுவார்கள், அதை வாசித்த பிறகு எனக்கு மனசு மனசாகவே இல்லை என்றான். கடைசியாகச் சொன்னதை அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு ஏதோ சொல்லத் தோன்றியது... வீம்பு விடவில்லை. வகுப்புக்கு நேரமாச்சு என்று உள்ளே போய்விட்டாள்.

விருது நாள் விடியும்போதே வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை. கொஸ்லந்தைப் பக்கம் மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை என்று ரேடியோவில் சொன்னார்கள். அவன் கொஸ்லந்தைக்குத்தான் மரக்கறி இறக்கப் போயிருந்தான். பகல் ஒரு மெசேஜ் வந்தது. 'இறக்கிட்டேன். வர்றேன். முன் வரிசைல எடம் பிடிங்க.' அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

பதுளை மண்டபத்துக்குள் நுழைந்தபோது முன் வரிசையில் ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தார். மடியில் கையைக் கோர்த்து வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தபடி இருந்தார். பாடத் தொடங்கினால் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று யசோதினிக்குப் புரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. அதில் குடையை வைத்திருந்தார், மகனுக்காக.

சிறுகதைத் தொகுதிக்கான விருதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். யாரோ போனில் படம் காட்டினார்கள். ஒரு லொறி... பின் பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் செம்மண்.

ஜெயலெட்சுமி படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி யசோதினியைப் பார்த்தார். கோபப் பார்வையாக இருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அவர் கண்ணில் இருந்தது பயம்... இவளிடம் இருந்த அதே பயம்.

"கவிதைத் தொகுதிக்கான விருது... 'ஏழாம் காம்பரா'. யசோதினி கணபதி."

கை தட்டினார்கள். எப்படி மேடைக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மேசையில் விருதுக் கேடயம் பளபளவென்று இருந்தது. அப்பா பேரும் சேர்த்துப் பொறித்திருந்தார்கள். மைக் முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்தார் றிஸ்னி. கிருஷ்ணராசா என்ற எழுத்து கண்ணில் குத்தியது. கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

பாடினால் விருது. பாடாவிட்டால் இல்லை. இவ்வளவு நாளும் அவளைப் போட்டு அரித்த கேள்வி, இப்போது கேள்வியாகவே இல்லை. அவன் அந்த மண்ணுக்குள் இருந்தால்... இந்தப் பாட்டை இன்றைக்குப் பாடினால் அது நிஜமாகிவிடும். அவள் வாயால் அவனுக்கு முடிவு கட்டியது போலாகும். புத்தகத்தை மூடினாள்.

"மன்னிச்சுக்கங்க. இத என்னால பாட முடியாது. இதுல நான் அழுவுற ஆளு உயிரோட இருக்காரு. இந்த மழையில என்னையப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருக்காரு. அவரு வந்து சேரணும்."

நடுவர் ஒருவர் எழுந்து, வேறெதையாவது வாசிக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். முடியாது என்று தலையாட்டினாள். இந்தப் புத்தகத்தில் எதை வாசித்தாலும் அங்கேதான் போய் முடியும். றிஸ்னி அவள் தோளைத் தொட்டு, வழக்கப்படி விருதை இப்போது கொடுக்க முடியாதே என்றார். சரி என்றாள். இறங்கி வந்தாள். ஜெயலெட்சுமி குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அவள் கையைப் பிடித்தார். பொலிசுக்குக் கோல் எடுத்தார்கள், லைன் கிடைக்கவில்லை. வெலிமடை மாமாவுக்கு எடுத்தார்கள், அவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. மண்டபத்து வெளி வராந்தாவில் இரண்டு பெண்களும் நின்றார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் ஜெயலெட்சுமியின் பிடி இறுகும்... பஸ் காலியாகிப் போகும்போது தளரும். யசோதினி கும்பிடாத சாமி இல்லை. அழுகை வரவில்லை. வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் அதுவும் ஒப்பாரிதானே என்ற பயம்.

பொழுது சாய்கிற நேரத்தில் பண்டாரவளை பஸ் ஒன்று வந்து நின்றது. இடுப்பு வரை சேறோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருத்தன் இறங்கினான்.

ஜெயலெட்சுமி ஓடிப்போய் மகன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினார். பிறகு அவன் சேற்றுச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார். புதைந்தது வேறு யாருடையதோ லொறி. ஆள் இல்லாமல் ஓரம் கட்டியிருந்ததாம். இவன் லொறி மண்ணுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாம். போகாதே என்று பொலிஸ் மறித்தும் கேட்காமல் சேற்றில் இறங்கி நடந்து, பெரகலையில் பஸ் பிடித்திருக்கிறான்.

அம்மாவை உட்கார வைத்துவிட்டு யசோதினியிடம் வந்தான். அவள் கையைப் பார்த்தான்... வெறும் கை.

"பாடலையாமே. பஸ்ல ஒருத்தருக்கு இங்கருந்து போன் வந்துச்சு, பேசிக்கிட்டாங்க. விருதையும் விட்டுட்டீங்களாம்..."

"ஆமாங்க."

"ஏன் டீச்சர்? நான்தான் வர்றேன்னு சொன்னேன்ல..."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவன் முன்னால் நிற்கிறான், இனி அழலாம். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஆட்கள் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். சொல்லியும் விட்டாள்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. அதுதான் பயமே. உங்களுக்காக அழுவுறதுக்கு எங்கிட்ட இருந்த வார்த்தையெல்லாம் அந்தப் பாட்டுலயே தீந்துபோச்சு. இனி ஏதாவது ஒண்ணுன்னா அழக்கூட எனக்குத் தெரியாது. அதனால... எனக்கு முந்திப் போயிறாதீங்க."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"போக மாட்டேன் யசோ," என்றான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயலெட்சுமி, மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அந்தப் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைடா, கடை ஏதும் திறந்திருக்கா பார் என்றார்.